பார்க்க அழகு, அடிக்கக் கஷ்டம்: ஒற்றைக் கை பேக்ஹேண்டின் நுட்பம் என்ன? முழங்கை ஏன் வலிக்கிறது?

2017 ஜனவரி 29. மெல்போர்னில் ஆஸ்திரேலிய ஓபன் இறுதிப்போட்டி. ஐந்தாவது செட்டில் ரோஜர் ஃபெடரர் 1-3 எனப் பின்தங்கி நிற்கிறார். எதிரே ரஃபேல் நடால். ஃபெடரருக்கு அப்போது 35 வயது. முழங்கால் காயத்தால் 6 மாதம் ஆடாமல் இருந்துவிட்டு, 17ஆவது தரவரிசை வீரராகத் தொடருக்குள் வந்தவர். அதுவரை இருவரும் மோதிய 34 ஆட்டங்களில் 23ஐ நடால் ஜெயித்திருந்தார். டிவி முன்னாடி உட்கார்ந்திருந்த ஃபெடரர் ரசிகர்கள் பலரும் 'சரி, வழக்கமான கதைதான்' என்று ரிமோட்டைத் தேடியிருப்பார்கள்.

அதற்குப் பிறகு ஃபெடரர் தொடர்ச்சியாக 5 கேம்களை எடுத்தார். 6-4, 3-6, 6-1, 3-6, 6-3. கோப்பையும் அவருக்கே. அன்றைக்கு நடாலை அசைத்துப் பார்த்தது அவரது புகழ்பெற்ற ஃபோர்ஹேண்ட் மட்டும் இல்லை. அத்தனை வருடங்களாக நடால் குறிவைத்து உடைத்துக்கொண்டிருந்த, பலவீனம் என்றே எல்லோரும் எழுதிய, அந்த ஒற்றைக் கை பேக்ஹேண்ட்தான்.

அதே ஷாட் இப்போது அருகிவருகிறது. 1973இல் ஆண்கள் தரவரிசை தொடங்கிய நாளிலிருந்து முதல்முறையாக, 2024 பிப்ரவரியில் டாப் 10இல் ஒற்றைக் கையால் பேக்ஹேண்ட் அடிக்கிற ஒரு வீரர்கூட இல்லை. கிரீஸின் ஸ்டெஃபனோஸ் சிட்சிபாஸ் 11ஆவது இடத்துக்கு இறங்கியதும் அந்தப் பட்டியல் காலியானது. பிறகு டிமிட்ரோவ், முசெட்டி என்று சிலர் உள்ளே வந்தார்கள் என்றாலும், கதை எந்தப் பக்கம் போகிறது என்பது தெளிவாகவே தெரிகிறது.

அப்படி இந்த ஷாட்டில் என்னதான் இருக்கிறது? ஏன் இவ்வளவு கஷ்டம்? வார இறுதியில் ராக்கெட் எடுத்துக்கொண்டு போகிற நாமும் இதைக் கத்துக்கலாமா? விரிவாகப் பார்க்கலாம்.

<b>முதலில், பேக்ஹேண்ட் என்றால்?</b>

வலது கை ஆட்டக்காரருக்கு உடம்பின் வலப்பக்கம் வருகிற பந்தை அடிப்பது ஃபோர்ஹேண்ட். இடப்பக்கம் வருவதை அடிப்பது பேக்ஹேண்ட். இடது கைக்காரர்களுக்கு அப்படியே தலைகீழ். (இந்தக் கட்டுரை முழுக்க வலது கை என்று வைத்துக்கொண்டுதான் எழுதியிருக்கிறேன். இடது கை வாசகர்கள் மன்னிக்கவும், மாற்றிப் படித்துக்கொள்ளுங்கள்.)

பேக்ஹேண்டை இரண்டு கையாலும் அடிக்கலாம், ஒரு கையாலும் அடிக்கலாம். ஜோகோவிச், நடால், அல்காரஸ், சின்னர், செரீனா எல்லோரும் இரண்டு கை. ஃபெடரர், வாவ்ரிங்கா, காஸ்கே, தீம், பெல்ஜியத்தின் ஜஸ்டின் ஹெனான் எல்லோரும் ஒரு கை.

நம்ம ஊரில் ஷட்டில் ஆடாத ஆள் குறைவு. தெருவிலோ மொட்டைமாடியிலோ ஒரு தடவையாவது ஆடியிருப்போம். அங்கே பேக்ஹேண்ட் என்றால் மணிக்கட்டை ஒரு சுண்டு, அவ்வளவுதான். இந்தப் பழக்கம்தான் டென்னிஸ் கோர்ட்டில் நமக்கு முதல் எதிரி. ஷட்டில்காக் எடை சுமார் 5 கிராம். டென்னிஸ் பந்து 56 முதல் 59 கிராம் வரை, பத்து மடங்குக்கும் மேலே. ஷட்டில் ராக்கெட் 100 கிராமைத் தாண்டாது, டென்னிஸ் ராக்கெட் சுமார் 300 கிராம். இந்தக் கனத்தோடு வேகமாக வருகிற ஒரு பொருளை மணிக்கட்டால் சுண்டினால் பந்து நெட்டுக்குப் போகும், வலி முழங்கைக்குப் போகும்.

இதை நான் கேள்விப்பட்டு எழுதவில்லை. ஃபெடரர் வீடியோக்களைப் பார்த்துப் பார்த்து, யாரிடமும் கேட்காமல், ஞாயிற்றுக்கிழமை காலைகளில் நானே இந்த ஷாட்டை அடித்துப் பழகினேன். மூன்றாவது மாதம் டீ கிளாஸைத் தூக்கினால் வலது முழங்கையின் வெளிப்பக்கம் சுரீர் என்றது. துண்டைப் பிழிய முடியவில்லை. அலுவலகத்தில் மவுஸ் பிடித்தால்கூட வலி. பிசியோதெரபிஸ்ட் கேட்ட முதல் கேள்வி: "பேக்ஹேண்ட் அடிக்கும்போது ராக்கெட்டை எப்படிப் பிடிக்கிறீங்க?" நான் பிடித்துக் காட்டியதும் அவர் சிரித்தார்.

<b>எல்லாம் பிடியில் இருக்கிறது</b>

டென்னிஸ் ராக்கெட்டின் கைப்பிடி உருண்டையாக இருக்காது. எட்டு முகம் கொண்டது. ராக்கெட்டை ஒரு கத்தி மாதிரி, சட்டத்தின் விளிம்பு தரையைப் பார்க்கிற மாதிரி நேராகப் பிடித்துக்கொள்ளுங்கள். இப்போது கைப்பிடியில் மேலே வானத்தைப் பார்த்துக்கொண்டு ஒரு தட்டையான முகம் இருக்கும். உங்கள் ஆள்காட்டி விரலின் அடிமூட்டு, அதாவது முஷ்டி பிடித்தால் துருத்திக்கொண்டு தெரியும் அந்த எலும்பு, அந்த மேல் முகத்தில் உட்கார வேண்டும். இதற்கு 'ஈஸ்டர்ன் பேக்ஹேண்ட்' பிடி என்று பெயர். ஃபோர்ஹேண்ட் அடிக்கும்போது அதே எலும்பு வலப்பக்கத்து முகத்திலோ இன்னும் கீழேயோ இருக்கும்.

ஆக, ஒவ்வொரு முறையும் ஃபோர்ஹேண்டிலிருந்து பேக்ஹேண்டுக்கு மாறும்போது பிடியையே மாற்ற வேண்டும். எதிராளி அடித்த பந்து வந்துகொண்டிருக்கும் அந்த அரை நொடி, ஒரு நொடிக்குள். வலது கையால் மட்டும் இதைச் செய்ய முடியாது. இடது கை ராக்கெட்டின் கழுத்தைப் பிடித்துத் திருப்பிக் கொடுக்கும், வலது கை லேசாகத் தளர்ந்து புதுப் பிடியில் உட்காரும். 'ஒற்றைக் கை' பேக்ஹேண்ட் என்று பெயரே தவிர, பாதி வேலையை இடது கைதான் செய்கிறது. ஃபெடரர் ஆடும் படங்களைப் பாருங்கள், பந்துக்குக் காத்திருக்கும் எல்லாப் படத்திலும் இடது கை ராக்கெட் கழுத்தில்தான் இருக்கும்.

பிடி சரியா என்று வீட்டிலேயே பார்த்துக்கொள்ள ஒரு வழி இருக்கிறது. பக்கவாட்டில் திரும்பி நின்று, பேக்ஹேண்ட் அடித்த மாதிரி வலது கையை முன்னால் நீட்டுங்கள். மணிக்கட்டை எந்தப் பக்கமும் வளைக்காமல் இருக்கும்போது ராக்கெட் முகம் சுவர் மாதிரி செங்குத்தாக நின்றால் சரி. முகம் வானத்தைப் பார்த்தால் நீங்கள் இன்னும் ஃபோர்ஹேண்ட் பிடியில்தான் இருக்கிறீர்கள். அந்தப் பிடியோடு அடித்தால், மேலே பார்க்கிற முகத்தை நேராக்க உங்கள் மணிக்கட்டு தானாகவே வளையும், முழங்கை முன்னால் துருத்தும். என் கதை அதுதான்.

இன்னும் கொஞ்சம் திருகிப் பிடிக்கிறவர்களும் உண்டு. காஸ்கே, ஹெனான், பிரேசிலின் குஸ்டாவோ குயர்டன் எல்லாம் அந்த வகை. உயரமாக எழும்பும் பந்துக்கு அது உதவும், தாழ்வாக வரும் பந்துக்குச் சிரமம். ஆரம்பத்தில் அந்தப் பக்கமே போக வேண்டாம்.

<b>முதுகைக் காட்டு, அப்புறம் அடி</b>

பிடி மாறும்போதே உடம்பும் திரும்ப வேண்டும். கை மட்டும் பின்னால் போகக்கூடாது. இடது கை ராக்கெட்டை இழுக்கும்போது தோள் இரண்டும் சேர்ந்து சுழலும். எவ்வளவு? வலது தோளுக்கு மேல் உங்கள் தாடை வந்து நிற்கிற அளவுக்கு. எதிராளிக்கு உங்கள் முதுகில் எழுதியிருக்கும் பேரில் பாதியாவது தெரிய வேண்டும் என்று வைத்துக்கொள்ளுங்கள். இரண்டு கை ஷாட்டுக்கு இவ்வளவு திரும்பத் தேவையில்லை. அங்கே இடது கை தள்ளிக் கொடுக்கும். இங்கே தள்ளிக் கொடுக்க ஆள் இல்லை, அதனால் சுழற்சியில்தான் பலத்தைச் சேர்த்துவைக்க வேண்டும்.

அடுத்து வலது காலை பந்து வரும் திசையில் முன்னால் வைக்கிறோம். முட்டி மடங்கி, உடல் எடை அந்தக் காலுக்கு வருகிறது. இதே நேரத்தில் இடது கை ராக்கெட்டை விடுகிறது. ராக்கெட் தலை பந்தின் மட்டத்துக்குக் கீழே இறங்கி, அங்கிருந்து மேல்நோக்கி முன்னால் வருகிறது. கீழிருந்து மேலே போவதால்தான் பந்து முன்பக்கமாகச் சுழலும். அந்த டாப்ஸ்பின்தான் நெட்டுக்கு மேல் உயரமாகப் போன பந்தையும் கோர்ட்டுக்குள் இறக்கும். டென்னிஸ் நெட்டின் உயரம் நடுவில் 91.4 செ.மீ., ஓரத்தில் 107 செ.மீ. நெட்டை உரசிக்கொண்டு தட்டையாக அடிக்கிறேன் என்று ஆரம்பத்தில் யாரும் அடம்பிடிக்க வேண்டாம், ஒரு மீட்டர் மேலே போனாலும் சுழற்சி இருந்தால் உள்ளே விழும்.

<b>அந்த ஒரு அடி</b>

எனக்குப் புரிந்தவரை இந்த ஷாட்டின் உயிரே இந்த இடத்தில்தான். பந்தை எங்கே தொடுவது?

இரண்டு கை பேக்ஹேண்டில் பந்து கிட்டத்தட்ட முன்காலுக்கு நேராக வந்த பிறகும் அடிக்கலாம். கொஞ்சம் தாமதமானாலும் இடது கை காப்பாற்றிவிடும். உண்மையில் அது இடது கை ஃபோர்ஹேண்ட் மாதிரிதான், வலது கை கூடவே வருகிறது. ஒற்றைக் கையில் அந்தச் சலுகை கிடையாது. வலது காலுக்குச் சுமார் ஓர் அடி முன்னாலேயே பந்தைத் தொட வேண்டும். தொடும்போது கை நேராக நீண்டிருக்க வேண்டும்.

ஒரு அடிதானே என்று தோன்றும். கணக்குப் போட்டுப் பார்க்கலாம். தரையில் குதித்து மணிக்கு 72 கி.மீ. வேகத்தில் வருகிறது ஒரு பந்து. நொடிக்கு 20 மீட்டர். ஓர் அடி, அதாவது 30 செ.மீ. தூரத்தைக் கடக்க அதற்கு ஆகும் நேரம் 0.015 நொடி. கண் இமைக்க ஆகும் நேரத்தில் சின்னப் பங்கு. இவ்வளவு முன்னதாக நீங்கள் தயாராக இருக்க வேண்டும் என்பது மட்டுமில்லை, இவ்வளவு தாமதமானாலே ஷாட் கெட்டுப்போகும். முன்னால் தொட்டால் முதுகு, தோள், இடுப்பு, கால் எல்லாம் பந்துக்குப் பின்னால் வரிசையாக நிற்கும். உடம்புக்குப் பக்கத்தில் வந்துவிட்டால் கை மடங்கிவிடும், மணிக்கட்டு மட்டும்தான் மிச்சம்.

இதில் இன்னொரு விஷயம், இடது கை. ராக்கெட்டை விட்ட பிறகு அது சும்மா தொங்கவும் கூடாது, வலது கையோடு சேர்ந்து முன்னால் ஓடி வரவும் கூடாது. பின்னால் போக வேண்டும். வலது கை முன்னே மேலே, இடது கை பின்னே கீழே, நாணை விட்ட வில்லாளி மாதிரி. ஏன்? இடது கை முன்னால் வந்தால் மார்பு எதிராளியைப் பார்த்துத் திறந்துவிடும், ராக்கெட் குறுக்கே இழுபடும், பந்து ஓரமாக வெளியே போகும். இடது கை பின்னால் போனால் மார்பு பக்கவாட்டிலேயே இருக்கும், ராக்கெட் நீங்கள் நினைத்த கோட்டில் போகும். ஃபெடரர், வாவ்ரிங்கா படங்களில் இரண்டு கையும் சிறகு விரித்த மாதிரி இருக்கிறதே, 'வாவ்' என்று நாம் வால்பேப்பர் வைத்துக்கொள்கிறோமே, அது அழகுக்காகச் செய்வது இல்லை.

தலையும் அப்படித்தான். ஃபெடரரின் எந்த ஸ்லோமோஷனைப் பார்த்தாலும், பந்து போன பிறகும் அவர் பார்வை தொட்ட இடத்திலேயே நிற்கும். நாம் பந்து உள்ளே விழுந்ததா என்று பார்க்கிற ஆர்வத்தில் தலையைத் தூக்குவோம். தலை எழுந்தால் தோள் எழும், தோள் எழுந்தால் ராக்கெட் எழும். பந்து சட்டத்தில் பட்டு பக்கத்துக் கோர்ட்டுக்குப் போகும். "சார், பால் ப்ளீஸ்" என்று கத்த வேண்டியதுதான்.

<b>'டென்னிஸ் எல்போ' எப்படி வருகிறது?</b>

மணிக்கட்டைப் பின்பக்கம் தூக்குகிற தசைகள் எல்லாம் முன்கை வழியாக மேலே வந்து, முழங்கையின் வெளிப்பக்கம் இருக்கிற ஓர் எலும்பு முனையில் ஒட்டிக்கொண்டிருக்கின்றன. பந்தைத் தாமதமாக, வளைந்த மணிக்கட்டோடு, முழங்கை முன்னால் துருத்தியபடி தொடும்போது, மோதலின் மொத்த அதிர்ச்சியும் அந்தச் சின்ன இடத்துக்குப் போகிறது. ஒரு ஷாட்டில் ஒன்றும் ஆகாது. ஒரு காலையில் 200 ஷாட், வாரா வாரம் என்றால் தசைநாண் சேதமாகத் தொடங்கும். பெயர்தான் டென்னிஸ் எல்போ, வருவதென்னவோ பெரும்பாலும் டென்னிஸ் ஆடாதவர்களுக்குத்தான். பெயின்டர், சமையல்காரர், நாள் முழுக்க மவுஸ் பிடிக்கிறவர்கள் என்று எங்களை மாதிரி ஆட்களுக்கு.

தொழில்முறை வீரர்கள் இதே ஷாட்டை ஆயிரக்கணக்கில் அடித்தும் தப்பிப்பதற்குக் காரணம் அவர்கள் முன்னால், நேரான கையோடு, பெரிய தசைகளைக் கொண்டு அடிப்பதுதான். ஆக ஒற்றைக் கை பேக்ஹேண்டே முழங்கைக்கு ஆகாது என்று சொல்வது முழு உண்மை இல்லை. தப்பாக அடிக்கிற ஒற்றைக் கை பேக்ஹேண்ட் ஆகாது. இரண்டு கையில் தப்பாக அடித்தால் இன்னொரு கை பாரத்தைப் பகிர்ந்துகொள்ளும், இதில் அந்தக் காப்பு இல்லை.

ராக்கெட் நரம்புக்கும் இதில் பங்கு உண்டு. பாலியஸ்டர் நரம்பு விறைப்பானது, பந்தைப் பயங்கரமாகச் சுழற்றும், அதிர்ச்சியையும் கையில் இறக்கும். வார இறுதி ஆட்டக்காரருக்கு அது தேவையே இல்லை. கடையில் 'மென்மையான நைலான் நரம்பு, இறுக்கம் குறைவா போடுங்க' என்று கேட்டாலே போதும். வலி இரண்டு வாரத்துக்கு மேல் நீடித்தால், ஸ்பிரே அடித்துக்கொண்டு தொடர்ந்து ஆடாதீர்கள். டாக்டரையோ பிசியோதெரபிஸ்ட்டையோ பாருங்கள். நான் இரண்டரை மாதம் ராக்கெட்டைத் தொடவில்லை. தண்ணீர் பாட்டிலைக் கையில் வைத்துக்கொண்டு மணிக்கட்டை மெதுவாக, ரொம்ப மெதுவாக இறக்குகிற பயிற்சிதான் தினமும்.

<b>நடால் எதைக் கண்டுபிடித்தார்?</b>

ஒற்றைக் கை பேக்ஹேண்டுக்கு ஒரு பிறவிக் குறை இருக்கிறது. இடுப்பு உயரத்தில் வருகிற பந்தை அது நொறுக்கும். தோளுக்கு மேலே எழும்பினால் திணறும். கையைத் தோளுக்கு மேலே உயர்த்தி, உடம்புக்குக் குறுக்கே வைத்துப் பாருங்கள், அந்த நிலையில் யாராவது உள்ளங்கைப் பின்புறத்தைத் தள்ளினால் எதிர்த்துத் தள்ளப் பலமே இருக்காது.

நடால் இடது கைக்காரர். அவர் குறுக்காக அடிக்கும் ஃபோர்ஹேண்ட் நேரே வலது கைக்காரரின் பேக்ஹேண்டுக்குத்தான் போகும். அந்தப் பந்து நிமிடத்துக்குச் சராசரியாகச் சுமார் 3,200 சுற்று என்ற கணக்கில் சுழன்று, குதித்ததும் தோளுக்கு மேலே ஏறும். பாரீஸின் களிமண் தரையில் இன்னும் ஏறும். 2008 பிரெஞ்சு ஓபன் இறுதியில் 6-1, 6-3, 6-0 என்று ஃபெடரர் தோற்றது பலருக்கும் நினைவிருக்கும். திரும்பத் திரும்ப அதே இடத்துக்கு, அதே உயரத்துக்கு. ரகசியமே இல்லாத திட்டம், ஆனாலும் தடுக்க முடியவில்லை.

அப்போ 2017இல் என்ன மாறியது? முதலாவது ராக்கெட். நீண்டகாலம் 90 சதுர அங்குலத் தலை கொண்ட ராக்கெட்டை வைத்திருந்த ஃபெடரர், 2014இல் 97 சதுர அங்குலத்துக்கு மாறியிருந்தார். தலை பெரிதானால் சற்றுத் தவறிப் பட்டாலும் பந்து போய்ச் சேரும். இரண்டாவது, நிற்கும் இடம். பந்து ஏறி முடியும்வரை காத்திருக்காமல் பேஸ்லைனை ஒட்டி நின்று, ஏறும் வழியிலேயே இடுப்பு உயரத்தில் அதை அடித்தார். மூன்றாவது, முன்பெல்லாம் ஸ்லைஸ் செய்து தப்பித்த பந்துகளை அன்று முழுதாக அடித்தார். அவர் பயிற்சிக் குழுவில் அப்போது இருந்த குரோஷியாவின் இவான் லூபிசிச்சும் ஒரு ஒற்றைக் கை பேக்ஹேண்ட் ஆட்டக்காரர்தான். அந்த வருடம் நடாலுடன் மோதிய நான்கு ஆட்டங்களையும் ஃபெடரர் ஜெயித்தார்.

ஏறும் வழியில் அடிப்பது என்பது சொல்லச் சுலபம். அந்த ஓர் அடிக் கணக்கு இன்னும் கடுமையாகிறது, நேரம் இன்னும் குறைகிறது. 35 வயதில் அதைச் செய்தார் என்பதுதான் இன்றுவரை வியப்பு.

<b>ஸ்லைஸ் தெரியாமல் இறங்காதீங்க</b>

ஒற்றைக் கைக்காரர்களின் இன்னொரு ஆயுதம் ஸ்லைஸ். இதற்குப் பிடி வேறு, சுத்தியலைப் பிடிக்கிற மாதிரி. ராக்கெட் தோளுக்கு மேலிருந்து தொடங்கி, முகம் லேசாகத் திறந்தபடி கீழே முன்னே வரும். பந்து பின்பக்கமாகச் சுழன்று, தரையில் பட்டதும் எழும்பாமல் வழுக்கிக்கொண்டு போகும். வேகம் குறைவு என்பதால் அடித்தவருக்கு இடத்துக்குத் திரும்ப நேரம் கிடைக்கும். கை எட்டாத பந்து, உயரமான பந்து, வேகமான சர்வீஸ் என்று மூன்றுக்கும் இதுதான் கைகொடுக்கும்.

ஜெர்மனியின் டாட்யானா மரியா இதற்கு நல்ல உதாரணம். முதலில் இரண்டு கையால்தான் பேக்ஹேண்ட் அடித்தார். 2013இல் முதல் குழந்தைக்காக ஆட்டத்தை நிறுத்திவைத்திருந்த காலத்தில் ஒற்றைக் கைக்கு மாறினார். ஸ்லைஸ் மேல் ஸ்லைஸாக அடித்து எதிராளியை எரிச்சலூட்டுகிற ஆட்டம் அவருடையது. இரண்டு குழந்தைகளுக்குத் தாயான பிறகு, 37 வயதில், 2025இல் லண்டன் குயின்ஸ் கிளப் பட்டத்தை வென்றார். பெண்கள் டென்னிஸில் இப்போது ஒற்றைக் கைக்காரர்களை விரல்விட்டு எண்ணிவிடலாம். 167 செ.மீ. உயரமே கொண்ட ஹெனான் இதே ஷாட்டை வைத்து 7 கிராண்ட்ஸ்லாம் பட்டம் வென்ற காலம் எப்போதோ போய்விட்டது.

<b>ஏன் குறைந்துபோனது?</b>

மர ராக்கெட் காலத்தில் கிட்டத்தட்ட எல்லோருமே ஒரு கைதான். நான்கு கிராண்ட்ஸ்லாமில் மூன்று, புல்தரையில் நடந்தன. பந்து தாழ்வாக வரும், நெட்டுக்கு ஓடிப்போய் வாலி அடிப்பார்கள், ஒரு கைக்கு ஏற்ற ஆட்டம். 1970களில் பியான் போர்க், ஜிம்மி கானர்ஸ், கிறிஸ் எவர்ட் மூவரும் இரண்டு கையால் ஜெயித்துக் காட்டினார்கள். அதற்கப்புறம் கிராஃபைட் ராக்கெட், பாலியஸ்டர் நரம்பு, மெதுவான தரைகள் என்று வந்து பந்து மேலே மேலே ஏறத் தொடங்கியது. சர்வீஸும் மணிக்கு 200 கி.மீ. ஆனது. பேஸ்லைனிலிருந்து பேஸ்லைன் 23.77 மீட்டர்தான், பந்து வந்துசேர அரை நொடி, அதற்குள் பிடி மாற்றித் தோளைத் திருப்ப எங்கே நேரம்?

இதில் ஒரு வேடிக்கை உண்டு. பாலியஸ்டர் நரம்பின் பலத்தை உலகத்துக்குக் காட்டியது 1997 பிரெஞ்சு ஓபனை வென்ற குயர்டன். அவரே ஒற்றைக் கைக்காரர்!

சென்னைக்கும் இந்த ஷாட்டுக்கும் பழைய பழக்கம். விஜய் அமிர்தராஜ், ரமேஷ் கிருஷ்ணன் இருவருமே ஒற்றைக் கை பேக்ஹேண்ட் ஆட்டக்காரர்கள். 2024இல் 43 வயதில் ஆஸ்திரேலிய ஓபன் இரட்டையர் பட்டம் வென்ற கர்நாடகத்தின் ரோகன் போபண்ணாவும் அப்படியே. நுங்கம்பாக்கம் ஸ்டேடியத்தில் உட்கார்ந்து வாவ்ரிங்காவைப் பார்த்தவர்கள் கொடுத்துவைத்தவர்கள். 2011, 2014, 2015, 2016 என நான்கு முறை சென்னை ஓபன் பட்டம் அவருக்கு. 2014 ஜனவரியில் இங்கே கோப்பையைத் தூக்கிவிட்டுப் போனவர், அதே மாதம் மெல்போர்னில் நடாலை வீழ்த்தி முதல் கிராண்ட்ஸ்லாம் வென்றார். 2017க்குப் பிறகு அந்தத் தொடர் புனேவுக்குப் போய்விட்டது.

<b>குழந்தைக்கு எது? உங்களுக்கு எது?</b>

'என் பையனுக்கு எட்டு வயசு, ஃபெடரர் மாதிரி அடிக்கணும்னு அடம்பிடிக்கிறான்' என்று கேட்கும் பெற்றோர் உண்டு. எட்டு வயதுத் தோளுக்கும் மணிக்கட்டுக்கும் ஒற்றைக் கையால் தாங்குகிற பலம் பெரும்பாலும் வராது. பந்து வேறு தலைக்கு மேலே குதிக்கும். அதனால்தான் பயிற்சியாளர்கள் பலரும் இரண்டு கையில் தொடங்கச் சொல்கிறார்கள். அதில் தப்பில்லை, பிறகு மாறவும் முடியும். பீட் சாம்ப்ராஸ் 14 வயதில்தான் இரண்டு கையிலிருந்து ஒரு கைக்கு மாறினார். மாறிய புதிதில் நிறையத் தோற்றார். பிறகு 14 கிராண்ட்ஸ்லாம்.

அந்த 'நிறையத் தோற்றார்' என்ற இடத்தைத்தான் பெற்றோர் கவனிக்க வேண்டும். 12, 13 வயதில் ஜூனியர் போட்டிகளில் தோற்றுக்கொண்டே இருந்தால் பொறுத்துக்கொள்வீர்களா? பெரும்பாலான வீடுகளில் பதில் 'இல்லை' என்பதால்தான் டாப் 10 பட்டியல் இப்படி இருக்கிறது என்று எனக்குத் தோன்றுகிறது.

பெரியவர்கள் தாராளமாகக் கத்துக்கலாம், தோற்றால் யாரும் கேட்கப்போவதில்லை. ஆனால் வீடியோவில் பார்த்ததை முதல் நாளே ஆட்டத்தில் அடிக்காதீர்கள். பந்தே இல்லாமல் கண்ணாடி முன் நின்று பிடி, திருப்பம், கால், கை நீட்டல் என்று 20, 30 தடவை. அப்புறம் ஒரு நண்பரை இரண்டு மீட்டர் தள்ளி நிற்கவைத்து, பந்தை உங்கள் வலது காலுக்கு முன்னால் மெதுவாகப் போடச் சொல்லுங்கள். ஒவ்வொரு அடிக்கும் பிறகு அப்படியே சிலை மாதிரி நில்லுங்கள்: வலது கை நேராக, இடது கை பின்னால், எடை முன்காலில். தடுமாறினால் அந்த அடி தப்பு, பந்து உள்ளே விழுந்திருந்தாலும். ஒரு நாளைக்கு 40 அடி போதும். முழங்கை கொஞ்சம் முணுமுணுத்தாலும் நிறுத்திவிடுங்கள்.

நானும் இந்த வழியில்தான் திரும்ப ஆரம்பித்தேன். நாலு மாதம் ஆகிறது. மெதுவாக வருகிற பந்து என்றால் பத்தில் ஆறு உள்ளே விழுகிறது, அதில் ஒன்றோ இரண்டோ கையில் பட்டதே தெரியாமல் போகும். வேகமான சர்வீஸுக்கு இப்பவும் ஸ்லைஸ்தான். டீ கிளாஸைத் தூக்கினால் வலிப்பதில்லை.